கண் பாப்பா ஏன் விரிகிறது? செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் சுற்றுவட்டாரக் கண் முகாம்களிலும் ஆஸ்பத்திரி வராண்டாக்களிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்கள் பேசிய மாதிரியே விட்டிருக்கிறோம். படிக்கும்போது ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாப்பா எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இரண்டு கண்ணும் சமமா, வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, ஆள் தெளிவாக இருக்கிறாரா, கண்ணில் என்ன பட்டது என்ற நான்கையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கண் பாப்பான்னா கருப்பா ஒட்டியிருக்கிற பொட்டுதானே? அது எப்படிப் பெருசாகும்?

அது பொட்டு இல்லை, ஓட்டை. கண்ணுக்குள் இருக்கும் பழுப்புத் திரையின் நடுவில் உள்ள வட்டத் துவாரம். உள்ளே இருட்டாக இருப்பதால் கருப்பாகத் தெரிகிறது. திரையில் இரண்டு தசைகள் உண்டு. ஒன்று துவாரத்தைச் சுற்றி வளையமாக ஓடுகிறது; சுருக்குப்பைக் கயிறு போல இழுத்துத் துவாரத்தைச் சிறிதாக்கும். இன்னொன்று குடைக்கம்பிகள் போல நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடுகிறது. அது இழுத்தால் துவாரம் விரியும். இரண்டுக்கும் வேறு வேறு நரம்புகள். வளையத் தசைக்குரிய நரம்பு மூளையின் அடிப்பகுதியிலிருந்து நேராக வருகிறது. விரிக்கும் தசைக்குரியது முதுகுத்தண்டில் இறங்கி, நுரையீரல் உச்சியைத் தொட்டு, கழுத்து வழியாக ஏறி வருகிறது. பாப்பா விரிந்திருந்தால் ஒன்று சுருக்கும் பக்கம் படுத்துவிட்டது, அல்லது விரிக்கும் பக்கம் அதிகமாக வேலை செய்கிறது என்று பொருள்.

பாப்பா, பாவை என்ற பெயர்கள் எதிரில் இருப்பவரின் கண்ணுக்குள் நம் உருவம் சின்னப் பொம்மையாகத் தெரிவதால் வந்தவை. லத்தீனிலும் இதற்குச் சிறு பொம்மை என்று பொருள் தரும் சொல்தான்.

எங்க ஐயாவுக்குக் கடுகு மாதிரி இருக்கு, பேத்திக்கு மிளகு மாதிரி இருக்கு. எது சரி?

இரண்டும் சரி. நல்ல வெளிச்சத்தில் பெரியவர்களுக்கு 2 முதல் 4 மி.மீ., இருட்டில் 4 முதல் 8 மி.மீ. என்பது பொதுவான அளவு. பதின்வயதில் பாப்பா பெரிதாக இருக்கும். வயது ஏற ஏறச் சிறிதாகும், இருட்டிலும் முன்போல விரியாது. மாலை மங்கலில் ஐயாவுக்குப் படி தெரியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுருங்குவது ஒரு நொடிக்குள் நடந்துவிடும், விரிவது மெதுவாக நடக்கும். பகல் பன்னிரண்டு மணிக்கு வளவு முற்றத்து வெயிலில் நின்றுவிட்டு உள்ளறைக்குள் போனால் முதலில் ஒன்றும் தெரியாது. பாப்பா அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் விரிந்துவிடும். ஆனால் கண்ணின் பின்சுவரில் வெளிச்சத்தை வாங்கும் விழித்திரை இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும். வயதானவர்கள் வீட்டில் உள்ளறை வாசற்படி ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு எப்போதும் எரியட்டும்.

வீட்டிலேயே பார்த்துக்க வழி இருக்கா?

இருக்கிறது. செல்போன் விளக்கு போதும். அறையை அரை இருட்டாக்குங்கள். எதிரில் உட்காருபவரைத் தூரத்துச் சுவரில் உள்ள காலண்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் முகத்தைப் பார்த்தால் பாப்பா சுருங்கிவிடும். பக்கத்துப் பொருளைப் பார்த்தாலே சுருங்குவது அதன் இயல்பு. விளக்கை முகத்துக்கு நேராக அடிக்க வேண்டாம். தாடைக்குக் கீழே பிடித்து மேல்நோக்கிக் காட்டுங்கள். நம் ஊர்க் கண்களில் திரையே அடர்பழுப்பு, பாப்பா அதற்குள் கருப்பு. நேர் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். கீழிருந்து சாய்வாக வரும் வெளிச்சத்தில்தான் திரையின் இழைகளும் பாப்பாவின் விளிம்பும் தனித்தனியாகத் தெரியும்.

இரண்டும் சமமா என்று பார்த்த பிறகு, பக்கவாட்டிலிருந்து ஒரு கண்ணுக்கு விளக்கைக் கொண்டுவந்து இரண்டு மூன்று நொடி நிறுத்துங்கள். அந்தக் கண் சட்டென்று சுருங்க வேண்டும். விளக்குப் படாத மறு கண்ணும் சேர்ந்து சுருங்க வேண்டும். ஐந்து நொடி விட்டு அடுத்த கண். இதையே அரை இருட்டில் ஒரு போட்டோ, நல்ல வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் டாக்டருக்குப் பாதி வேலை குறையும்.

சுகருக்குக் கண்ணு பாக்கப் போனா சொட்டு மருந்து விட்டு உக்கார வச்சுடுறாங்க. ஒரு நாள் பொழப்பு போகுது. இது இல்லாம பாக்க முடியாதா?

விழித்திரையின் நடுப்பகுதியை மட்டும் என்றால் சில காமிராக்களால் மருந்து விடாமலே படம் எடுக்கலாம். ஓரங்களைப் பார்க்க வேண்டுமானால் பாப்பா விரிந்தாக வேண்டும். முன்கதவைத் திறக்காமல் சாவித் துவாரம் வழியாக வளவைப் பார்த்தால் நடுமுற்றம் தெரியும், பக்கத்து அறைகள் தெரியாது. அதே கணக்குதான். சர்க்கரை நோயில் விழித்திரை கசிந்தாலும் ரத்தக்குழாய் முளைத்தாலும் முதலில் வலியும் கிடையாது, பார்வைக் குறையும் கிடையாது. தெரிய ஆரம்பிக்கும்போது நாள் கடந்திருக்கும். வருடம் ஒருமுறை, கோளாறு தொடங்கியிருந்தால் டாக்டர் சொல்லும் இடைவெளியில், இந்தப் பரிசோதனை அவசியம். இதைத் தள்ளிப்போட்டுப் பார்வை இழந்தவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். பொழப்பு ஒரு நாள்தான் போகும்.

மருந்து விட்டா எத்தனை மணி நேரம் மங்கும்? பைக் ஓட்டலாமா?

எந்த மருந்து என்பதைப் பொறுத்தது. வழக்கமான பரிசோதனைக்கு விடுவது ட்ரோபிகமைட், அல்லது அதோடு ஃபினைலெஃப்ரின் சேர்ந்த கலவை. பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் இரண்டு மூன்று தடவை விடுவார்கள். முதல் சொட்டு எரியும். 30 முதல் 45 நிமிடத்தில் விரியும். 4 முதல் 6 மணி நேரத்தில் அடங்கும், சிலருக்கு மறுநாள் காலை வரை நீளும். சைக்ளோபென்டோலேட் என்றால் ஏறக்குறைய ஒரு நாள். ஹோமட்ரோபின் ஒன்று முதல் மூன்று நாள். அட்ரோபின் ஒரு வாரம் முதல் பத்து நாள், சிலருக்கு இரண்டு வாரம். கிளம்பும் முன் "எந்த மருந்து விட்டீங்க?" என்று கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

பைக் ஓட்டக் கூடாது. தூரப்பார்வை ஓரளவு தெரிவதால் ஓட்டிவிடலாம் என்று தோன்றும். ஆனால் பாப்பா சுருங்காது. எதிர் லாரியின் விளக்கு மொத்தமாக உள்ளே இறங்கும். மதுரையில் பார்த்துவிட்டு மாலையில் மேலூர் வழியாகத் திரும்புகிறவர்கள் பஸ்ஸில் வாருங்கள், கூட ஒருவரை அழைத்துப் போங்கள். கூலிங்கிளாஸ் இல்லாவிட்டால் குடையும் துண்டும் போதும்.

நாற்பது வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பக்கத்து எழுத்து சுத்தமாகக் கலங்கும். கிட்டப் பார்ப்பதற்குக் கண்ணுக்குள் ஒரு தசை லென்ஸைக் குவிக்கிறது, மருந்து அதையும் படுக்க வைக்கிறது. அறுபதைத் தாண்டியவர்களுக்கு அந்த வேலை ஏற்கனவே நின்றுபோயிருப்பதால் வாசிப்புக் கண்ணாடி போட்டால் பெரிய வித்தியாசம் தெரியாது, கூச்சம்தான் இருக்கும். எப்படியானாலும் அன்றைக்குப் பத்திரத்தில் கையெழுத்து, கணக்கு நோட்டு சரிபார்ப்பு, நகை எடை பார்ப்பது எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். சாப்பிட்டுவிட்டே போகலாம், சுகர் மாத்திரையையும் நிறுத்த வேண்டாம்.

ஆச்சிக்கு மூணு தடவை விட்டும் விரியவே இல்ல. மருந்து போலியா?

போலியாக இருக்க வாய்ப்பு குறைவு. மூன்று காரணங்கள் அடிக்கடி வரும். அடர்ந்த நிறத் திரை மருந்தை உறிஞ்சித் தன்னிடம் வைத்துக்கொள்ளும், அதனால் வேலை மெதுவாகத் தொடங்கும். பல வருடச் சர்க்கரை நோய் விரிக்கும் நரம்பையே தளர்த்திவிடும். முன்பு கண்ணுக்குள் அழற்சி வந்திருந்தால் திரை லென்ஸோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அப்போது பாப்பா கோணலாக விரியும்.

ஆண்களுக்கு இன்னொன்று உண்டு. சிறுநீர் சரியாகப் போக டாம்சுலோசின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் திரை தொளதொளவென்று ஆகிவிடும். கண்புரை ஆபரேஷன் நடுவில் பாப்பா திடீரெனச் சுருங்கி, திரை கருவி நுழைக்கும் வெட்டு வழியாக வெளியே பிதுங்கும். எப்போதோ சாப்பிட்டு நிறுத்தியிருந்தாலும் ஆபரேஷன் செய்யும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தெரிந்தால் அதற்கான ஏற்பாட்டோடு செய்வார்கள்.

பிள்ளைக்குக் கண்ணாடி பாக்க மூணு நாள் களிம்பு வைக்கச் சொன்னாங்க. ரெண்டாம் நாளே மூஞ்சி செவந்து உடம்பு சுடுது. திருஷ்டியா?

திருஷ்டி கழிப்பது உங்கள் விருப்பம், ஆனால் களிம்பை நிறுத்திவிட்டு டாக்டருக்குப் போன் செய்யுங்கள். அது அட்ரோபின் களிம்பு. குழந்தையின் கண் கிட்டப் பார்ப்பதற்காகத் தன்னைத் தானே குவித்துக்கொண்டிருந்தால் பவர் தப்பாக வரும். அதை முழுதாகத் தளர்த்தத்தான் மூன்று நாள் வைக்கிறார்கள். கண்ணீர்ப் பாதை வழியாக மூக்குக்குள் இறங்கி அதிகம் உறிஞ்சப்பட்டால் முகம் சிவக்கும், வாய் காயும், உடம்பு சுடும், நாடி வேகமாகும், பிள்ளை பிதற்றும். பிதற்றினாலோ காய்ச்சல் அதிகமானாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

வைக்கும்போது அரிசி மணி அளவு போதும். கீழிமையை இழுத்து உள்ளே வைத்து, மூக்கை ஒட்டிய கண் மூலையை விரலால் ஒரு நிமிடத்துக்கு மேல் அழுத்திப் பிடியுங்கள். மீந்ததைத் துடைத்துவிட்டுக் கையைக் கழுவுங்கள். கழுவாத விரலை உங்கள் கண்ணில் வைத்தால் மறுநாள் உங்கள் பாப்பாவும் விரிந்து நிற்கும். குழாய் பிள்ளை கைக்கு எட்டக் கூடாது. வேலை முடிந்ததும் எறிந்துவிடுங்கள்.

ஒரு பாப்பா மட்டும் கொஞ்சம் பெருசா இருக்கு, மத்தபடி ஒண்ணும் இல்ல. பயப்படணுமா?

ஐந்து பேரில் ஒருவருக்கு இயல்பாகவே சிறு வித்தியாசம் இருக்கும். ஒரு மி.மீ.க்கு மேல் போகாது, இருட்டிலும் வெளிச்சத்திலும் ஒரே அளவு வித்தியாசமாக இருக்கும், இரண்டும் நன்றாகச் சுருங்கும். பழைய போட்டோக்களை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பத்து வருடம் முந்தைய கல்யாணப் படத்திலும் அப்படியே இருந்தால் நிம்மதியாக இருங்கள்.

இருபதிலிருந்து நாற்பது வயதுப் பெண்களுக்கு, ஒரு கண் பாப்பா பெரிதாகி, வெளிச்சத்துக்கு அசையாமல், பக்கத்தில் பார்த்தால் மட்டும் மெதுவாகச் சுருங்கி மெதுவாக விரியும் ஒரு நிலை வருவதுண்டு. ஆடி பாப்பா என்று டாக்டர்கள் சொல்வார்கள், அது ஒரு மருத்துவர் பெயர். பார்க்கப் பயமாக இருந்தாலும் உயிருக்கு ஆபத்தில்லாதது. ஆனால் அதுதான் என்று டாக்டர் சொல்ல வேண்டும், நாமே முடிவு செய்யக் கூடாது.

பெருசா இருக்கிற கண்ணுலதானே கோளாறு?

பல சமயம் சிறிதாக இருப்பதில்தான் கோளாறு இருக்கும். மேலே சொன்ன மாதிரி இருட்டிலும் வெளிச்சத்திலும் படம் எடுத்து ஒப்பிடுங்கள். வெளிச்சத்தில் வித்தியாசம் கூடினால் பெரிய பாப்பா சுருங்க மறுக்கிறது. இருட்டில் கூடினால் சிறியது விரிய மறுக்கிறது. சிறியது உள்ள பக்கம் இமையும் லேசாக இறங்கியிருந்தால் கழுத்து வழியாக வரும் அந்த நீண்ட நரம்பில் எங்கோ தடை. பல வருடம் பீடி குடித்த ஒருவருக்குத் தோள்வலியோடு இது வந்தால் நெஞ்சுப் படம் எடுத்தே தீர வேண்டும், நுரையீரல் உச்சியில் கட்டி இருக்கலாம். திடீரென்று கழுத்து வலியோடு வந்தால் கழுத்து ரத்தக்குழாய் கிழிந்திருக்கலாம், அன்றைக்கே போக வேண்டும்.

பார்வை நரம்பு பழுதானால் பாப்பாக்கள் சமமில்லாமல் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஆகாது. ஒரு கண் முழுதாகத் தெரியாவிட்டாலும், மறு கண் வாங்கும் வெளிச்சத்துக்கே இரண்டும் சேர்ந்து அசையும். விளக்கை மாற்றி மாற்றிக் காட்டினால்தான் பழுது வெளிப்படும்: பழுதான கண்ணுக்கு விளக்கு வரும்போது இரண்டும் விரியும்.

கோயிலுக்குப் பூப் பறிச்சுட்டு வந்த பிள்ளைக்கு ஒரு கண்ணு பாப்பா பெருசாயிருச்சு. ஊமத்தம்பூ பறிச்சதாலயா?

பெரும்பாலும் அதுதான். சிவன் கோயிலுக்கு ஊமத்தம்பூ சாத்துவது நம் பக்கத்தில் சாதாரணம். பொட்டலிலும் கண்மாய்க்கரையிலும் தானாக வளர்ந்து கிடக்கும் செடி. கத்தரி, தக்காளி குடும்பம். சாற்றிலும் விதையிலும் மகரந்தத்திலும் அட்ரோபினும் அதன் பங்காளிப் பொருள்களும் உண்டு. பறித்த கையால் கண்ணைக் கசக்கினால் அந்தக் கண் மட்டும் விரிந்து, பக்கத்து எழுத்து மங்கும். பிள்ளை தெளிவாகப் பேசி விளையாடிக்கொண்டிருந்தால் நல்ல தண்ணீரால் நன்றாகக் கழுவி டாக்டரிடம் காட்டுங்கள். செடியையும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் தேவையில்லாமல் மூளை ஸ்கேன் வரை போகும். சில நாளில், சிலருக்கு ஒரு வாரத்தில் தானாக அடங்கும்.

உள்ளே போனால் கதையே வேறு. முள்ளுக்காயை உடைத்து விதையைத் தின்ற பிள்ளைக்கு இரண்டு பாப்பாவும் விரியும். வாய் காய்ந்து, முகம் சிவந்து, உடம்பு வேர்க்காமல் சுட்டு, இல்லாததைப் பிடிக்கக் கையை நீட்டும். சிறுநீர் அடைக்கும். பேய் பிடித்தது என்று மந்திரிக்கப் போகாமல் 108ஐக் கூப்பிடுங்கள். வாந்தி எடுக்க வைக்க உப்புக் கரைசல் கொடுக்க வேண்டாம். மீதிக் காயை ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். காதுவலிக்கு இலைச்சாறு விடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்கு அந்த அளவே அதிகம்.

சாயங்காலம் தலை பிளக்குது, வாந்தி, ஒரு கண்ணு செவந்து பாப்பா பெருசா இருக்கு. பித்தமா?

பித்தம் என்று கஷாயம் வைத்துக்கொண்டிருந்தால் விடிவதற்குள் பார்வை போய்விடலாம். இது கண்ணுக்குள் நீரழுத்தம் திடீரென ஏறும் நிலை. மங்கலில் பாப்பா நடுத்தரமாக விரியும்போது, இடுங்கிய கண்களில் திரையின் ஓரம் நீர் வடியும் வழியை அடைத்துவிடும். பல்பைச் சுற்றி வானவில் வளையம் தெரியும், கருவிழி ஆவி படிந்த கண்ணாடி மாதிரி மங்கும், பாப்பா வெளிச்சத்துக்கு அசையாது, மூடிய இமை மேல் தொட்டால் கண் கோலிக்குண்டு போல் கெட்டியாக இருக்கும். வாந்தி எடுப்பதால் வயிற்றுக்கும் தலைக்கும் வைத்தியம் பார்த்து நேரத்தை இழக்கிறார்கள். அன்றிரவே கண் டாக்டர் வேண்டும். அழுத்தத்தை இறக்கி, பிறகு லேசர் வைத்துத் திரையில் சிறு துளை போடுவார்கள். மறு கண்ணுக்கும் முன்னெச்சரிக்கையாகப் போடுவார்கள்.

பரிசோதனைச் சொட்டாலும் அபூர்வமாக இது தூண்டப்படும். அதனால்தான் விடும் முன் கண்ணின் முன்னறை ஆழத்தைப் பார்க்கிறார்கள். சொட்டு விட்ட அன்றைக்கு இரவு இப்படி வலித்தால் மருந்தோட வேலைதான் என்று படுத்துவிடாதீர்கள்.

பந்து பட்டு பாப்பா விரிஞ்சு நிக்குது. தானா சரியாகுமா?

டென்னிஸ் பந்து, கில்லி, மஞ்சுவிரட்டில் மாட்டுக் கொம்பின் மொட்டை முனை, எது மோதினாலும் வளையத் தசை கிழியலாம். லேசானது சில வாரத்தில் தேறும். கிழிந்தது அப்படியே நிற்கும். பாப்பாவைவிட முக்கியம், கண்ணுக்குள் ரத்தம் தேங்கியிருக்கிறதா என்பது. கருவிழியின் கீழ்ப்பாகத்தில் சிவப்பாக ஒரு கோடு கட்டியிருந்தால் தலையை உயர்த்திப் படுக்க வைத்து உடனே கொண்டுபோங்கள். அழுத்திக் கட்டுப் போடாதீர்கள், தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு எதையும் விடாதீர்கள், ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள்.

பைக்ல விழுந்தான், நல்லாத்தான் பேசினான், இப்ப தூங்கி வழியுறான். பாப்பா பாக்கணுமா?

பார்த்துக்கொண்டு நேரத்தைப் போக்காதீர்கள், முதலில் 108. தலைக்குள் ரத்தம் கட்டினால் மூளை ஒரு பக்கம் நெருக்கப்பட்டு வளையத் தசையின் நரம்பை அழுத்தும். அந்தப் பக்கப் பாப்பா விரிந்து, வெளிச்சத்துக்கு அசையாமல் நிற்கும். முதலில் தெளிவாகப் பேசிவிட்டுப் பிறகு மயங்குவதே இதன் தந்திரம். தலை ஸ்கேனும் மூளை அறுவைச் சிகிச்சையும் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். தண்ணீர், காப்பி கொடுக்க வேண்டாம். அவருக்கு முன்பே கண் ஆபரேஷன் ஆகியிருந்தாலோ, அன்றைக்குக் கண்ணில் மருந்து விட்டிருந்தாலோ அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

அடியே இல்லாமலும் இது வரும். திடீர்த் தலைவலி, ஒரு இமை இறங்கி, அந்தப் பாப்பா விரிந்தால் மூளை ரத்தக்குழாயில் வீக்கம் இருக்கலாம். அதுவும் அவசரமே. சர்க்கரை நோயால் இதே நரம்பு படுக்கும்போது பெரும்பாலும் இமை இறங்கும், பாப்பா மட்டும் சரியாக இருக்கும். அதை வைத்து வீட்டில் பிரித்துப் பார்க்க வேண்டாம்.

பாம்பு கடிச்சவருக்கு பாப்பா விரிஞ்சு அசையல. முடிஞ்சு போச்சுன்னு சொல்றாங்களே?

தயவுசெய்து அந்த வார்த்தையை நம்பாதீர்கள். கட்டுவிரியன் நஞ்சு நரம்புக்கும் தசைக்கும் உள்ள இணைப்பைச் செயலிழக்க வைக்கிறது. இமை தூக்க முடியாது, விழி அசையாது, பாப்பா விரிந்து விளக்குக்குச் சுருங்காது, கை கால் எழாது. பார்க்கிறவர்களுக்கு மூளை போய்விட்ட மாதிரியே இருக்கும். ஆனால் உள்ளே அவருக்கு நினைவு இருக்கலாம், நாம் பேசுவது கேட்கலாம். செயற்கை மூச்சில் சில நாள் வைத்திருந்து முழுதாக எழுந்து நடந்தவர்கள் உண்டு என்று மருத்துவ ஏடுகளில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. கட்டிலருகே நின்று "இனி அவ்வளவுதான்" என்று பேசாதீர்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தைரியம் சொல்லுங்கள்.

கட்டுவிரியன் இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது, பல் தடமும் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி, பிறகு இமை இறங்குதல் என்று வந்தால் பாம்பைப் பார்க்காவிட்டாலும் இதையே நினையுங்கள். விஷமுறிவு மருந்து அரசு ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது, வழக்கமாகப் 10 குப்பியில் தொடங்குவார்கள். நஞ்சு நரம்பு நுனியைக் கெடுத்த பிறகு மருந்தால் அதைத் திருப்ப முடியாது, மூச்சுக் கருவிதான் காக்கும். ஆகவே மந்திரிக்கிறவர் வீட்டில் போகும் ஒவ்வொரு அரைமணியும் நட்டம்.

பூச்சிமருந்து உடம்புல ஏறுனவருக்கு பாப்பா சின்னதாயிடும்னாங்க. ஆஸ்பத்திரில பெருசாயிருச்சே, மோசமாயிருச்சா?

இல்லை, சிகிச்சை வேலை செய்வதன் அடையாளமாக இருக்கலாம். வயலில் அடிக்கும் பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து பாப்பாவை ஊசிமுனையாக்கும். எச்சில், வேர்வை, நெஞ்சுச்சளி கொட்டும். முறிவு மருந்து அட்ரோபின். ஊமத்தைக்குச் சொன்ன அதே பொருள், இங்கே உயிர் காக்கிறது. அது ஏறும்போது பாப்பா விரியும். டாக்டர் பாப்பாவை மட்டும் பார்த்து அளவை முடிவு செய்வதில்லை. நெஞ்சு தெளிந்ததா, நாடி, ரத்த அழுத்தம், அக்குள் காய்ந்ததா என்று பார்க்கிறார்.

மகன் கண்ணு பெருசா இருக்கு. ஏதாவது போதை பழக்கமா?

பாப்பாவை வைத்துக் குற்றம் சாட்டாதீர்கள். இளவயதில் பாப்பா பெரிது, அரை இருட்டில் இன்னும் பெரிது. சில போதைப் பொருள்கள் விரிக்கும், அபின் வகையும் சில வலி மாத்திரைகளும் ஊசிமுனையாக்கும், அவற்றை நிறுத்தும்போது விரியும். சாராயத்தில் ஒரு நிலையான அடையாளமும் கிடையாது. தூக்கம், சாப்பாடு, பணம், சிநேகிதம், பேச்சு இவற்றில் மாற்றம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உட்கார வைத்துக் கேளுங்கள்.

முதலில் வீட்டு மாத்திரை டப்பாவைப் பாருங்கள். வயிற்றுப்பிடிப்புக்கான டைசைக்ளோமின், சளி அலர்ஜி மாத்திரைகள், மனநல மருந்தோடு கொடுக்கும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில், சில மனச்சோர்வு மருந்துகள் எல்லாம் இரண்டு பாப்பாவையும் விரிக்கும். ஆஸ்துமாவுக்கு ஆவி பிடிக்கும் முகமூடி சரியாகப் பொருந்தாமல் அதிலுள்ள இப்ராட்ரோபியம் மருந்து கசிந்தால் ஒரு கண் மட்டும் விரியும்.

பொய் சொன்னா, ஆசைப்பட்டா கண்ணு விரியும்னு சொல்றாங்க. பொண்ணு பாக்கப் போகும்போது கவனிக்கலாமா?

1960இல் சிகாகோ பல்கலைக்கழக உளவியலாளர் எக்கார்ட் ஹெஸ், போல்ட் என்பவரோடு சேர்ந்து, விருப்பமான படத்தைப் பார்க்கும்போது பாப்பா விரிவதாக எழுதினார். பிடிக்காததைக் கண்டால் சுருங்கும் என்றும் பிறகு சொன்னார். பின்னால் சோதித்தவர்கள் அதை ஏற்கவில்லை. மனதை உலுக்குவது நல்லதோ கெட்டதோ, இரண்டுக்குமே விரிகிறது. நிற்கும் உறுதியான முடிவு 1964இல் அவர்கள் செய்த இன்னொன்று: மனக்கணக்குப் போடும்போது பாப்பா விரிகிறது, கணக்குக் கடினமானால் இன்னும் விரிகிறது, விடை சொன்னதும் பழையபடி ஆகிறது.

அந்த மாற்றமெல்லாம் அரை மி.மீ. அளவே. முகப்பில் ஒரு மேகம் கடந்தால் அதைவிட அதிகம் மாறும். பொய் சொல்கிறவர் யோசிக்கிறார், அதனால் விரியும். உண்மை சொல்கிறவர் பயந்தாலும் விரியும். பெண் பார்க்க வந்த இடத்தில் இரண்டு பக்கமும் பதற்றமாகத்தான் இருப்பார்கள். அவளிடம் நேரே கேளுங்கள், சம்மதமா என்று.

கண்ணு பெருசா அழகாத் தெரிய போட்டோவுக்கு முன்னாடி சொட்டு விட்டுக்கலாமா?

கூடாது. இத்தாலியில் பழைய காலத்துப் பெண்கள் ஒரு செடிச் சாற்றை விட்டுக்கொண்டார்கள். செடிக்கு அழகிய பெண் என்று பொருள்படும் பெல்லடோனா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அதிலும் உள்ளது அட்ரோபின்தான். வெளிச்சம் கூசிக் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றால் படத்தில் என்ன அழகு? நீரழுத்த ஆபத்தும் உண்டு. கண்மையால் பாப்பா மாறாது.

போட்டோல பிள்ளையோட ஒரு கண்ணு செவப்பா, ஒரு கண்ணு வெள்ளையா பளபளக்குது. காமிரா கோளாறா?

மங்கிய அறையில் பாப்பா விரிந்திருக்கும்போது பிளாஷ் விழித்திரையில் பட்டுத் திரும்புவதால் சிவப்பு தெரிகிறது, அது இயல்பு. ஒரு கண்ணில் மட்டும் வெள்ளையாக, பூனைக்கண் மாதிரி ஒளிர்ந்தால் பிறவிக் கண்புரையாகவோ விழித்திரைக் கட்டியாகவோ இருக்கலாம். சில சமயம் பிள்ளை கோணலாகப் பார்த்ததாலும் வரும். இன்னும் இரண்டு படம் நேராகப் பார்க்க வைத்து எடுங்கள். மறுபடி வந்தாலும் வராவிட்டாலும் அந்த முதல் படத்தோடு இந்த வாரத்துக்குள் கண் டாக்டரிடம் போங்கள். அங்கே பாப்பாவை விரித்துத்தான் பார்ப்பார்கள். விழித்திரைக் கட்டி சீக்கிரம் தெரிந்தால் உயிரையும் காக்கலாம், பல சமயம் கண்ணையும் காக்கலாம்.